படத்தில் இல்லாத இருபத்தொரு படிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் கணக்கைப் பற்றி எழுதுவதா என்ற வெட்கம் ஒன்று. அம்மனின் பெருமையைக் குறைத்ததாகிவிடுமோ என்ற பயம் மற்றது. இப்போது அம்மனிடமே உத்தரவு கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். மகள் அப்போது உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து சைன், கோசைன், தான்சன் என்று முணுமுணுத்துக் கணக்குச் செய்வாள். பக்கத்தில் நான் அம்மனுக்குப் பூக் கட்டிக்கொண்டிருப்பேன். ஒன்றும் விளங்காது. ஆனாலும் பனி வந்து மலையை மூடும்போது, அந்தச் சொற்களைப் பனிக்குள்ளிருந்து யாரோ ஓதுவது போல இருக்கும். கண் தானாகச் சொக்கும்.

அந்த வருடப் பெருமழையில், அம்மன் கோயிலுக்கு மேலே சரிவில் நின்ற யூகலிப்டஸ் மரம் கோயில் பக்கமாகச் சற்றுச் சாய்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வெட்டுவதாக முடிவானது. விழும்போது கோயிலை எட்டும் என்றால், முதலில் ஒருவர் ஏறி நுனியைத் தறிக்க வேண்டும். ஏறத் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் மட்டுந்தான். முந்தின வருடம் விழுந்ததில் தோள் இறங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்கவே சிரமப்பட்டவர்.

"ஏற வேணாம்ப்பா, நான் அளந்து பாக்குறேன்" என்றாள் மகள்.

பாகைமானியில் நூல் கட்டி எங்கள் வீட்டுச் சாவியைத் தொங்கவிட்டாள். மரத்துக்கு மேற்புறம் உள்ள ரோட்டில், மர நுனி நாற்பத்தைந்து பாகையில் தெரியும் இடம்வரை நகர்ந்து நின்றாள். அந்தக் கோணத்தில் தூரமும் உயரமும் ஒன்றாம். மரத்தடியிலிருந்து அவள் நின்ற இடத்துக்குப் பிடித்த கயிறு எழுபத்தோரு அடி காட்டியது. அவள் கண் உயரம் ஐந்து. ஆக எழுபத்தாறு. மரத்தடியிலிருந்து கோயில் எண்பத்திரண்டு அடி.

"ஆறடி மிச்சம். கோயில்ல படாது."

"நல்ல வேளை, இந்த வயசுல கொரங்கு வேசம் போட வேண்டியதில்ல" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் விடியலில் வேலைக்குப் போகும்போது, மரத்தடியிலிருந்து ரோட்டுக்கு ஏறும் கல்படிகளில் வழக்கம்போலப் படிக்கு ஒரு "தாயே" சொல்லி ஏறினேன். இருபத்தொரு தாயே. மேலே நின்று மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால், மரத்தின் கால் எங்கோ கீழே பனிக்குள் கிடந்தது. மகள் கணக்குக் கொப்பியில் வரைந்த படம் நினைவுக்கு வந்தது. அவள் நின்ற ரோடும் மரத்தடியும் ஒரே கோட்டில், அடிமட்டம் வைத்துப் போட்ட கோட்டில் இருந்தன. அதில் படி இல்லை.

அன்று பகல் முழுக்கக் கை மட்டுந்தான் கொழுந்து பறித்தது. சொன்னால் அவர் ஏறுவார். சொல்லாவிட்டால் மரம் அம்மன் தலையில் விழும். பின்னேரம்வரை வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில் கோயில் வாசலில் நின்றேன். வீட்டுக்கு வந்துதான் கேட்டேன்.

"படத்துல படி எங்க புள்ள?"

மகள் பென்சிலை வைத்துவிட்டாள். "புத்தகத்துல எல்லாமே சமதரைம்மா" என்றாள் மெதுவாக. பிறகு போய்ப் படிகளை அளந்தாள். பன்னிரண்டு அடி உயரம்; அதை எழுபத்தாறோடு கூட்டினாள். கயிறு சரிவாகப் பிடித்ததற்கு ஒன்று கழித்தாள். எண்பத்தேழு. கோயில் தூரத்தைவிட ஐந்தடி கூட.

அவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "சரி, கொரங்கு வேசந்தான்."

செவ்வாய்க்கிழமை அவர் ஏறினார். பாதி மரத்துக்கு மேல் பனி அவரை மறைத்துவிட்டது. கத்திச் சத்தம் மட்டும் வானத்திலிருந்து வந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்டுக்கு ஒரு தாயே சொன்னாள். நுனி பன்னிரண்டு அடி விழுந்தது. இறங்கி வந்தார். தேத்தண்ணி கேட்டார். பிறகு வெட்டிய மரம் கோயிலுக்கு ஏழடி முன்னால் படுத்தது.

அம்மன்தான் மரத்தைத் தடுத்தாள் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் இதை வாசிக்கிறவர்கள் வேறொருவருக்குச் சொல்லும்போது படிகளை விட்டுவிடாதீர்கள். மகள் முதலில் தப்பாகப் போட்டதையும், அவர் அந்தத் தோளோடு ஏறியதையும், நான் ஒரு பகல் வாய்மூடி இருந்ததையும் விடாதீர்கள். ஒன்றும் கூட்டாமல், என் பிழையையும் மறைக்காமல், இப்படியே சொல்லுங்கள்.