நாலாவது வரி

மாமாவின் பாட்டு நோட்டுகளைப் பாதுகாக்கும் அஸ்தம்பட்டி ஆவணக் காப்பகத்துக்குப் போன வாரம் போயிருந்தேன். அங்கே சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த ஈர வாசம் என்னைப் பத்து வயதுக்கு, எருமப்பட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

நாடகங்களுக்கு மெட்டுப் போட்ட மாமா, ஆர்மோனியத்தை விட்டு எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, தோன்றிய ஸ்வரங்களைப் பக்கத்துச் சுவரில் கரியால் எழுதிவிடுவார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் அவற்றை நோட்டில் எடுத்தெழுதுவது என் வேலை. ஒரு வருஷம் ஒரு பாட்டில் மூன்று வரி எழுதிவிட்டுக் கிட்டிப்புள் விளையாட ஓடினேன். திரும்பி வந்தால் சுவர் பளிச்சென்றிருந்தது. கேட்டுப் பழகிய ஸ்வரங்களைக் கோத்து நாலாவது வரியை நானே எழுதிவைத்தேன்.

மாமா வாசித்துப் பார்த்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"ஏஞ்சாமி, இது நான் போட்டதா?"

"ஆமாங்க மாமா."

"அப்ப நான் கெட்டிக்காரந்தான் போ!"

அவர் சாகும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. யாராவது அந்தப் பாட்டைப் பாராட்டினால் உடம்பு கூசும்.

போன வாரம் காப்பகத்துப் பெண் அந்தப் பாட்டையே பாடிக்காட்டி, "நாலாவது வரிதானுங்க அய்யா இதுக்கு உசுரு" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, "அது அவரோடது இல்லம்மா, திருத்தி எழுதிரு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே, மாமா கடைசிக் காலத்தில் எழுதிய நோட்டை விரித்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து: "இது நம்ம திருட்டுப்பய போட்டது. நல்லாத்தான் இருக்குது."

"அந்தத் திருட்டுப்பய யாருன்னுதானுங்க இத்தன நாளாத் தேடிட்டு இருந்தோம்!" என்று பேனாவை எடுத்தாள்.

என் பேரைச் சொன்னேன்.