பவுலண்ணன் கடை

பேருந்துச் சன்னலில் தொங்கிய திரையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "நாலு மழை தாங்காது" என்றார் தார்ப்பாய்க்காரர். திரைக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார். காலையில் விடுதியில் சாப்பாட்டு மேசை விரிப்பை நசுக்கினார். முந்தைய நாள் ஒரு பழைய தேவாலயத்தில், எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட வயதான துறவியின் அங்கியை, அவர் திரும்பி நின்ற சமயம் பார்த்து நசுக்கினார். துறவி திடுக்கிட்டுத் திரும்பினார். இவர் கொஞ்சமும் அசரவில்லை. "அசல் சரக்கு சாமி, தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார். ஒரு வார்த்தைகூடப் புரியாத துறவி, இவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினார்.

ஆதித் திருச்சபை தொடர்பான இடங்களைப் பார்க்கக் கிளம்பிய கூட்டம் எங்களுடையது. சுற்றுலா என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் எங்கள் பாஸ்டருக்கு முகம் சுண்டிவிடும். "கல்விப் பயணம்" என்று திருத்துவார். காலையில் பாடம் எடுத்து, மாலையில் கேள்வி கேட்டு, பதில் சொல்லாதவர்களைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பத்திரிகைக்கு எழுத ஏதாவது கிடைக்குமா என்று ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். பாஸ்டரின் பாடத்தில் ஒன்றும் தேறவில்லை. பக்கத்து இருக்கையில்தான் கிடைத்தது.

லாரிகளுக்கும் கிடங்குகளுக்கும் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பவர் அவர். ஆள் குள்ளம், கழுத்து கிடையாது, வலது உள்ளங்கையில் ஊசி தள்ளித் தள்ளிப் பெரிய பொத்தான் அளவுக்குக் காய்ப்பு. ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டுமானால் அந்தக் காய்ப்பால் எதிரில் இருக்கிற பலகையை, கம்பியை, சில சமயம் என் முழங்கையைத் தட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். மற்றவர்கள் ஜெபிக்க வந்தார்கள், படம் எடுக்க வந்தார்கள். இவர் வந்தது தன் கடையைக் காப்பாற்றிக்கொள்ள.

கதை இதுதான். இவருடைய மனைவிக்கு வயிற்றில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில் அந்த அம்மா கடவுளிடம் ஒரு பொருத்தனை செய்துவிட்டார்: "ஆண்டவரே, என்னைப் பிழைக்க வச்சீங்கன்னா என் வீட்டுக்காரரை முழுநேர ஊழியத்துக்குக் குடுத்துடறேன்." பிழைத்துவிட்டார். கண் விழித்ததும் முதல் காரியமாக இவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "சந்தோஷத்துல அழுதுட்டு இருந்தேன் தங்கச்சி. அப்படியே நின்னுபோச்சு" என்றார் தார்ப்பாய்க்காரர். "பொழைச்சது அவ, போறது நானா? என்னை ஒரு வார்த்தை கேட்க வேணாமா? கையில போட்டிருந்த வளையலைக் குடுத்திருக்கலாம். என்னை எடுத்துக் குடுத்துட்டா!"

கடையை மூடிவிட்டு மேடையேறிப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் தீர்மானம். இவரோ 'ஊழியம்' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு தொங்கினார். "ஊழியம்னா என்ன? வேலை. அரசு ஊழியர்னு சொல்றோமா இல்லையா? அவங்க என்ன பிரசங்கமா பண்றாங்க? நானும் முழு நேரமும் வேலைதான் பாக்கறேன். அப்ப நான் முழுநேர ஊழியன்தானே?" முன் இருக்கையிலிருந்து அம்மா திரும்பாமலேயே சொன்னார்: "நான் எந்த ஊழியத்தைச் சொன்னேன்னு ஆண்டவருக்குத் தெரியும். உங்க வியாக்கியானத்தை அவர்கிட்ட வச்சுக்கோங்க."

பாஸ்டர் இதில் யார் பக்கம் என்று நினைக்கிறீர்கள்? பாவம், அவர் தனியாக மாட்டியபோது என்னிடம் புலம்பினார். அம்மாவின் வற்புறுத்தலுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரைப் பேச விட்டாராம். நோவாவின் பேழையைப் பற்றி. "உள்ளேயும் வெளியேயும் கீல் பூசினார், சரி. மேலே என்ன போட்டார்?" என்று சபையைப் பார்த்துக் கேட்டிருக்கிறார் தார்ப்பாய்க்காரர். யாருக்கும் தெரியவில்லை. மிச்ச நேரம் முழுக்க ஓரம் மடிப்பது எப்படி, கயிறு கட்டும் வளையத்தை எங்கே வைத்தால் துணி கிழியாது என்பதுதான் பிரசங்கம். "ஆராதனை முடிஞ்சதும் ரெண்டு லாரிக்காரங்க கண்ணீரோட முன்னால வந்தாங்கம்மா. மனம் திரும்பிட்டாங்கன்னு நினைச்சேன். தார்ப்பாய்க்கு அளவு சொல்லிட்டுப் போனாங்க" என்றார் பாஸ்டர். "வேண்டாம்னு அந்தம்மாகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆண்டவருக்குப் பண்ணின பொருத்தனையாச்சே. நான் எப்படிக் குறுக்கே நிக்கறது?"

இப்படி யாருமே வேண்டாம் என்று சொல்ல முடியாத இக்கட்டில்தான் இவருக்குப் பவுல் கிடைத்தார். பவுல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தாலும் கூடாரத் தொழில் தெரிந்தவர் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவருக்கு அது அன்றுதான் உறைத்திருக்கிறது. கூடாரம் என்றால் துணி. துணி என்றால் தையல். அன்றிலிருந்து அப்போஸ்தலர் பவுல் இவருக்குப் பவுலண்ணன் ஆகிவிட்டார்.

"அப்போஸ்தலரைப் போய் அண்ணன்னு சொல்லாதீங்க" என்று பாஸ்டர் கடிந்துகொண்டார்.

"ஒரே தொழில்ல மூத்தவரை வேற எப்படிக் கூப்பிடறது பாஸ்டர்? பேர் சொல்லிக் கூப்பிட்டா மரியாதையா இருக்குமா?"

பாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

பேருந்து ஓட ஓட இவர்கள் வழக்கும் ஓடிற்று. பவுலண்ணனே கடையை மூடவில்லை, நான் ஏன் மூட வேண்டும் என்பது இவர் கட்சி. "அவர் ஜெயில்ல கிடந்தாரே, அப்பவும் தைச்சாரா?" என்றார் அம்மா. "அது லீவு" என்றார் இவர். "அவர் சபை சபையா எத்தனை நிருபம் எழுதினார்! நீங்க எங்க அக்காவுக்கு ஒரு வரி எழுதியிருப்பீங்களா?" "உங்கக்கா என்ன சபையா?"

பூமிக்கடியில் ஆதி விசுவாசிகள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்த சுரங்கத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்தோம். "எல்லாம் கல்லறைங்க, பார்த்து வாங்க" என்று அம்மா கிசுகிசுத்தார். இவர் சுவரைத் தட்டிப் பார்த்து, மேலே அண்ணாந்து பார்த்து, "கல் அறைதான். கூரையும் கல்லு. காத்துக்கு வழியே வைக்கலியே" என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்த இடத்தின் பரிசுத்தம் எனக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த நிமிஷமே ஏறிப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் அம்மாவே ஒரு தீர்ப்பு வழி சொன்னார். பவுல் ஒரு தம்பதியோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்த ஊர் எங்கள் பயணத்தில் இருந்தது. "அங்க பவுல் கடை வச்சிருந்தார்னு என் கண்ணால பார்த்துட்டேன்னா உங்க கடை இருக்கட்டும். இல்லேன்னா ஊருக்குப் போனதும் ஷட்டரை இறக்கிடணும். பேச்சு மாறக்கூடாது." இவர் காய்ப்பால் என் முழங்கையைத் தட்டி, "தங்கச்சி சாட்சி" என்றார். அன்று முதல் தினமும் மாப்பிள்ளை மாதிரி முகம் மழித்துக்கொண்டுதான் விடுதி அறையிலிருந்து இறங்கினார்.

அந்த ஊர் இப்போது வெறும் இடிபாடு. இடுப்பு உயரச் சுவர்கள், உடைந்த தூண்கள், நடுவில் கற்கள் பதித்த வீதி. வழிகாட்டிப் பெண் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்ல, தார்ப்பாய்க்காரருக்காக நான் தமிழில் சொன்னேன். இந்த வரிசையெல்லாம் கடைகள். இன்ன கடை இன்னாருடையது என்று யாருக்கும் தெரியாது. பவுல் எங்கே உட்கார்ந்து தைத்தார் என்பதற்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

"தெரியாதுன்னா என்ன அர்த்தம்? தேடலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தானே தேடக் கிளம்பினார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையிலிருந்து கூவல் கேட்டது. "எல்லாரும் வாங்க! பவுலண்ணன் கடை!"

ஓடினோம். சுவரோரமாக நீண்ட கல் மேடை. அதில் வரிசையாக வட்ட ஓட்டைகள். ஓர் ஓட்டைக்கு மேல் கம்பீரமாக உட்கார்ந்து, கையை வீசித் தைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "ஆளுக்கு ஒரு இடம். கால் தரையில ஊனியிருக்கு பாருங்க. இந்த ஓட்டை எதுக்குன்னு நினைக்கறீங்க? மடியில வச்சுத் தைக்கறப்ப பாரம் தாங்காது. மிச்சத் துணியை இதுவழியா கீழே விட்டுடுவாங்க. பெரிய பட்டறை வச்சிருந்திருக்கார் எங்கண்ணன்!" அம்மா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கிட்டத்தட்ட நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

வழிகாட்டிப் பெண் என் காதோரம் வந்து ஒரு வார்த்தை சொன்னாள். அதைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "என்ன சொல்லுது அந்தப் பொண்ணு? சொல்லுங்க தங்கச்சி" என்றார், ஊசியைத் தள்ளும் பாவனையை நிறுத்தாமல்.

"அண்ணே, அது பொதுக் கழிப்பறையாம்."

பாஸ்டர் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். மற்றவர்கள் அந்த மரியாதைகூடப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எந்திரிங்க. போதும்" என்று சொல்லிவிட்டு விலகிப் போனார்.

தார்ப்பாய்க்காரர் எழுந்திருக்கவில்லை. என்ன ஆனாலும் அங்கிருந்து எழுந்து வாருங்கள் என்று நான் கெஞ்சினேன். "ஷட்டரை இறக்கிடலாம் தங்கச்சி, அதுகூடப் பெரிசில்ல" என்றார். குரல் உடைந்திருந்தது. "நான் மேடையேறினா கேக்கற ஜனங்க ஆண்டவரை விட்டே ஓடிடுவாங்க. ஏறலேன்னா அவளுக்கு அந்தக் கட்டி திரும்ப வந்துடுமோன்னு பயமா இருக்கு. டாக்டர் ஒண்ணும் இல்லேன்னுதான் சொல்றார். இருந்தாலும் அவ தூங்கறப்ப மூச்சு வருதான்னு பார்த்துட்டே இருக்கேன். அவ இல்லாம எனக்கு எதுக்குக் கடை?" கழிப்பறையில் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்து அழுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அப்போதுதான் காற்று கிளம்பியது. வீதிக் கோடியில், ஆதி விசுவாசிகள் கூடி ஜெபித்த வீடு என்று தோண்டியெடுத்த இடம் ஒன்று இருந்தது. பொடிக் கற்களால் மீனும் திராட்சைக் கொடியும் வரைந்த தரை மட்டும்தான் அங்கே மிச்சம். அதன்மேல் கம்புகள் நட்டு ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். காற்றில் கயிறு அறுந்து, கம்பு சாய்ந்து, துணி படபடவென்று அடித்துக்கொண்டது. மழையும் பிடித்துக்கொண்டது. தண்ணீர் இறங்கினால் கற்கள் பெயர்ந்துவிடும் என்று வழிகாட்டிப் பெண் அலறினாள். நாங்கள் பேருந்துப் பக்கம் ஓடினோம். தார்ப்பாய்க்காரர் எதிர்ப்பக்கம் ஓடினார். பாஸ்டரும் நானும் வழிகாட்டிப் பெண்ணும் திரும்பி அவர் பின்னால் ஓடினோம்.

துணியை இழுத்துக் கீழே இறக்கித் தரைமேல் அப்படியே விரித்துவிட்டார். "மூலைக்கு ஒரு கல்லை வையுங்க!" என்று கத்தினார். பாஸ்டர் ஒரு கல்லைத் தூக்கினார். "தொடாதீர்கள்! அது ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக் கல்!" என்று அந்தப் பெண் பாய்ந்து பிடுங்கினாள். அடுத்ததைத் தொட்டார், அது அதைவிடப் பழசாம். கண்ணுக்கெட்டிய மட்டும் கல்லாகக் கிடக்கிற ஊரில் பாரம் வைக்க ஒரு கல் இல்லை! "அப்ப நீங்களே உக்காருங்க பாஸ்டர்!" என்றார் தார்ப்பாய்க்காரர். அந்தக் குரலுக்கு மறுபேச்சே கிடையாது. ஒரு மூலையில் பாஸ்டர் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஒன்றில் நான். ஒன்றில் வழிகாட்டிப் பெண். நடுவில் எழும்புகிற துணியை இவர் நெஞ்சோடு அணைத்து அமுக்கிக் கிடந்தார். நாலாவது மூலை துள்ளிக்கொண்டிருந்தது.

குடையை எறிந்துவிட்டு அம்மா வந்தார். "நீ வராத! வயித்துல தையல் போட்டிருக்கு!" என்று இவர் கத்தினார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலாவது மூலையில் உட்கார்ந்தார். சிகிச்சைக்குப் பிறகு ஆளே பாதியாகிவிட்டவர். துணி அவரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது.

அம்மா தோளில் தொங்கிய ரெக்சின் பையைக் கழற்றினார். உள்ளே அவருடைய பெரிய எழுத்து வேதப்புத்தகம். பயணம் முழுக்க அதை ஒரு நாற்காலியில்கூட வைக்கச் சம்மதிக்காதவர், பையை ஒரு முறை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, தார்ப்பாயின் மூலையில் பாரமாக வைத்தார். துணி அடங்கியது. கை இரண்டும் காலியானதும், மழை முகத்தில் அறைய, எங்கள் யாரையும் பார்க்காமல், அந்தப் பழைய தார்ப்பாயின் ஓரத்தை, புதுசுக்கு அளவெடுக்கிற மாதிரி, சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார்.