வார்னிஷ் பூசிய அம்மா

போன வாரம் அன்னவாசலில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் கட்டில் அகலத்துக்கு ஓர் ஓவியம். ஏழு வெள்ளைக் குதிரைகள் ஓடுகின்றன. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. "தூசி அண்டாதுல்லங்க" என்றார் வீட்டுக்காரர். பாவம், குதிரைகள் மூச்சுத் திணறி ஓடிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வரும்போது வாசல் கதவில் புதிதாக அடித்த வார்னிஷின் வாசனை மூக்கில் ஏறியது. சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வாசனை வந்தால் என் அக்காவின் கணவர் வந்து நிற்பார். போய்ச் சேர்ந்தவரைக் குறை சொல்லலாமா என்று கேட்காதீர்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

மச்சான் சவுதியிலிருந்து திரும்பி அன்னவாசலில் மாடிவீடு கட்டியவர். பளபளக்கிற எதற்கும் மரியாதை கொடுப்பார். பைக்கைக் காலையிலும் மாலையிலும் துடைப்பார். தன் மோதிரத்தை வேட்டி நுனியில் தேய்த்துக்கொண்டே பேசுவார். பளபளக்காதவை எல்லாம் அவருக்கு அழுக்கு, அவ்வளவுதான். நான் அப்போது அங்கே ஓர் உரக்கடையில் சேர்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில். யூரியா நாற்றத்தோடு வரும் என்னையும் அந்த அழுக்குக் கணக்கில்தான் வைத்திருந்தார். அதில் அவரைத் தப்பு சொல்ல முடியாது.

அக்கா பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். எங்கள் ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். பெண்பிள்ளை படம் வரையப் படிப்பதா என்று அப்பா குதித்தபோது, அம்மாதான் சண்டை போட்டு அவளை ஓவியக் கல்லூரிக்கு அனுப்பினாள். கடைசி வருட விடுமுறையில் அக்கா அம்மாவை உட்கார வைத்து எண்ணெய் வண்ணத்தில் ஒரு படம் வரைந்தாள். அம்மா கடலை உடைத்துக்கொண்டே யாரையோ திட்ட வாயெடுக்கிற மாதிரி இருக்கும். திட்டு வாங்கப்போவது அநேகமாக நான்தான். மறுவருடம் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். போட்டோ என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டுக்காக அப்பா எடுத்துக்கொண்டதோடு சரி.

கல்யாணமாகி வந்தபோது பீரோவோடு அந்தப் படமும் வந்தது. அதை அக்கா பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே! மேற்கு வெயில் படாத உள்சுவரில் மாட்டினாள். சுவரின் ஓதம் ஏறாமல் இருக்கச் சட்டத்தின் பின்னால் மூலைக்கு ஒரு தக்கைத் துண்டு ஒட்டிவைத்தாள். சவரப் பிரஷ் ஒன்று புதிதாக வாங்கி, அதைக்கொண்டுதான் தூசி தட்டுவாள். ஈரத்துணி பக்கத்தில் வரக்கூடாது. ஊதுபத்தியும் கூடாது.

அமாவாசைக்கு மாமியார் சந்தனமும் குங்குமமும் குழைத்து எடுத்து வந்தார். அக்கா குறுக்கே நின்றாள்.

"வேணாம் அத்தே, பெயிண்டு கெட்டுப்போகும்."

"பெத்த தாய்க்கு ஒரு பொட்டு வைக்க விடமாட்டேங்கிறாளே, இவள்லாம் ஒரு மகளா!"

மச்சான் அன்று தாயின் பக்கம். ஆனால் விருந்தாளி வந்தால் முதலில் அந்தப் படத்தைத்தான் காட்டுவார். "எம் பொண்டாட்டி போட்டது. ஃபாரின்ல இதுக்கு என்ன மதிப்புங்கிறீங்க!" படத்தில் இருப்பது யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மச்சானின் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஓவியப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அக்கா திருச்சிக்குப் போயிருந்தாள். நான் சாப்பிட வந்தபோது தெருமுனையிலேயே வார்னிஷ் வாசனை.

"இங்கிட்டு வா மாப்ள, வந்து பாரு. கண்ணாடி மாதிரி ஆக்கிப்புட்டேன்ல?"

கதவுக்கு அடித்த வார்னிஷில் மிச்சத்தை அம்மாவின் மேல் அடித்திருந்தார். அதற்கு முன்னால் அழுக்கு எடுக்கிறேன் என்று பெயிண்டைக் கரைக்கிற தின்னரால் வேறு துடைத்திருந்தார். கடலை அப்படியே இருந்தது. முறம் இருந்தது. கழுத்துக்கு மேலே மஞ்சளாக, மினுமினுப்பாக ஒரு வழுவழுப்பு. ஓர் ஈ அதற்குள் ஒட்டிக்கொண்டு காலை உதைத்தது.

"ஒங்கக்கா சாயம் போற பெயிண்டா பாத்து வாங்கியிருக்கா. தொடைக்கத் தொடைக்க வருது."

சாப்பிடாமல் கடைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். நானும் போயிருந்தேன். படத்தின் முன்னால் போய் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எந்தத் துணியில தொடைச்சீங்க?"

கொல்லைக் கொடியில் கிடந்த பனியன் துணியை அவர் காட்டினார். அதில் மாநிறமாக ஒரு கறை. அக்கா அதை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, என்னோடு கடைசி பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துப் பேச மச்சான் வீட்டார் இரண்டு கார் நிறைய வந்தார்கள். சலவை வேட்டிகள், வெற்றிலைச் சிவப்பு வாய்கள். "ஒரு படத்துக்காகவா வாழ வேண்டிய பொண்ணு வந்து ஒக்காந்திருக்கு?" என்று எல்லா வாயும் ஒன்றையே மென்றன. மச்சான் பெருந்தன்மையாகச் சொன்னார்: "பெயிண்டு, பிரஷ்ஷு எல்லாம் நானே வாங்கித் தாரேன். இன்னொண்ணு வரைஞ்சுக்கட்டும்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வரையலாங்க. வந்து ஒக்காரச் சொல்லுங்க எங்கம்மாவ."

வந்தவர்களில் ஒருவர் காப்பி இன்னும் வரவில்லையே என்று அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

அக்கா திரும்பிப் போகவில்லை. புதுக்கோட்டைக்கு மாற்றல் வாங்கி, தனியாகவே இருந்து ரிடையரானாள். மச்சான் போனபிறகு அந்த வீட்டை விற்றார்கள். படம் யாரிடம் போனதென்று தெரியவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். அம்மாவைச் சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு வலது புருவத்தில் என்றேன் நான். "போடா, எடது" என்றாள் அக்கா. நான் விடவில்லை. வரைந்து காட்டுகிறேன் என்று அவள் விரலைக் காற்றில் தூக்கினாள். நெற்றியின் வளைவு வந்தது. புருவத்துக்கு வந்ததும் விரல் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.