கிரணின் லேப்டாப்பில் எரியாத பச்சை விளக்கு

என் தம்பி கிரண் எடுத்த வேலையைப் பாதியில் விட்டவன் இல்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. 2004-ல் பன்னிரண்டு நாள் அவன் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

நான் எட்டாவது வரை படித்தவள். பொம்மசந்திராவில் மீட்டர் செய்யும் கம்பெனியில், பிளாஸ்டிக் மூடிகளை விரலால் தடவிப் பிசிறு பார்த்து அனுப்புவது என் வேலை. கிரண் ஐ.டி.ஐ. முடித்து, அடுகோடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தான். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை யாரும் சொல்லித் தராமல் தானே கற்றான்.

கடைக்கு வந்துபோகும் ரங்கநாதன் ஓர் அலுவலக மேலாளர். அவர் அலுவலகத்தில் ஒரே மாதிரி முப்பது பழைய லேப்டாப் இருந்தன. எல்லாவற்றிலும் லினக்ஸ் போட வேண்டும், கம்பியில்லாமல் நெட் கிடைக்க வேண்டும். ஒரு லேப்டாப்பையும் கொம்பு வைத்த சிக்னல் பெட்டியையும் கிரணிடம் கொடுத்தார். நவம்பர் மூன்றாம் தேதிக்குள் ஓடினால் அவனுக்கு அங்கேயே நிரந்தர வேலை. இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் புது விண்டோஸ் போட்டுவிடுவேன் என்றார்.

கிரண் நிதானமாக ஆரம்பித்தான். முதலில் பழைய விண்டோஸிலேயே பெட்டியோடு இணைத்துப் பார்த்தான். முன்விளிம்பில் வயர்லெஸ்ஸுக்கான பச்சை விளக்கு எரிந்தது. "மெஷின்ல கோளாறு இல்லக்கா" என்று சொல்லி விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டான். திரை வந்தது, சத்தம் வந்தது. வயர்லெஸ்ஸை இயக்கவைக்கும் டிரைவரை மறுநாள் பார்க்கலாம் என்று வைத்தான்.

மறுநாள் ஆயுத பூஜை. தையல் மெஷின், சைக்கிள், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். லேப்டாப்புக்கும் வைத்தேன். திரையிலோ எழுத்துகளிலோ படாமல், முன்விளிம்பில் மட்டும். அடுத்த நாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன்.

அன்று முதல் ஆரம்பித்தது கஷ்டம். அந்த லேப்டாப்பின் வயர்லெஸ் சில்லுக்கு டிரைவர் ஓர் இடத்தில், அதற்கு ஊட்டவேண்டிய கோப்பு இன்னோர் இடத்தில். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமாம். சைபர் கஃபேயில் இறக்கி சிடியில் கொண்டுவந்தான். விளக்கு எரியவில்லை. லினக்ஸின் உள்கருவான கர்னலையே புதிதாகக் கட்டினான். ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம். சூடு தாங்காமல் லேப்டாப்பைக் கவிழ்த்த சில்வர் தட்டின் மேல் வைத்தோம். எரியவில்லை. இணையத்தில் எங்கெங்கோ இருப்பவர்களுக்கு எழுதிக் கேட்டான். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கம்பெனிப் பழக்கத்தில் ஒரு நோட்டில் குறித்துவந்தேன்: தேதி, எதை மாற்றினான், என்ன ஆயிற்று. பதினான்கு வரி. எல்லாவற்றின் முடிவிலும் 'எரியவில்லை'.

பக்கத்து வீட்டு வீணா எட்டிப் பார்த்து, "உன் தம்பி அதை ரிப்பேர் பண்றானா, அது இவனை ரிப்பேர் பண்ணுதா?" என்றாள். அவன் நிமிரவில்லை. சோறு வைத்தால் தட்டைத் தள்ளினான்.

மூன்றாம் தேதி காலை, தோற்றுவிட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க, தன் கோப்புகளை சிடியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அழுக்காகக் கொடுக்கக்கூடாது என்று நான் விளிம்பைத் துடைத்தேன். விரலில் பிசிறு தட்டியது. ஒரு சின்னப் பள்ளத்தில் காய்ந்த சந்தனம். துடைப்பக் குச்சியால் நெம்பினேன். உள்ளே நகம் அளவுக்கு ஒரு தள்ளுபொத்தான். சந்தனம் உதிர்ந்ததும் ஒரு பக்கமாக நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"கிரணு, எரியுதுடா."

ஓடிவந்து பார்த்தான். "என்னக்கா பண்ண?"

பூஜையன்று வைத்ததையும் மறுநாள் துடைத்ததையும் சொன்னேன். வயர்லெஸ்ஸை நிறுத்தும் பொத்தான் அது; நான் துடைத்தபோது நகர்ந்து, சந்தனத்தில் ஒட்டி நின்றுவிட்டது. அதன் மேலிருந்த படம் தேய்ந்துபோயிருந்ததால் அவனும் கவனிக்கவில்லை.

"பன்னெண்டு நாள்க்கா" என்றான். பிறகு, "நாலு தடவை கர்னல் கட்டினேன்க்கா."

திட்டியிருந்தால் தேவலை. நோட்டை வாங்கி, முதல் நாள் போட்ட டிரைவரையே மறுபடி போட்டான். அதிலும் எரிந்தது. முதல் நாளே அவன் செய்தது சரியாக இருந்திருக்கிறது. என் பதினான்கு வரிகளில் நான் துடைத்தது மட்டும் இல்லை.

ரங்கநாதனிடம் மறைக்காமல் சொன்னானாம். அவர் சிரித்து, "உங்க அக்காவை மட்டும் ஆபீஸ் பக்கம் கூட்டிட்டு வராதப்பா" என்று சொல்லி, சொன்னபடி வேலையையும் மீதி இருபத்தொன்பதையும் கொடுத்தாராம். கிரண் அதை என்னிடம் சிரிக்காமல்தான் சொன்னான்.

அடுத்த ஆயுத பூஜையில் சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். தன் ஆபீஸ் லேப்டாப் மூடியின் நட்டநடுவில் அவனே ஒரு பொட்டு வைத்தான். காய்ந்த பிறகு துடைத்ததும் அவன்தான்.