படிக்கு ஒரு சொந்தக்காரர்

நான் சொல்லப்போவது நிஜமாக நடந்தது. ஒரு எழுத்துக்கூடக் கற்பனை கிடையாது. எடையை மட்டும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வேன், மாடியிலும் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்வேன். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. எதையும் உள்ளதைவிடக் கனமாகச் சொன்னால்தான் எங்கள் தொழிலில் மரியாதை. இப்படி அளந்து விடுவதால் எங்கள் செட்டில் எனக்கு ‘டேப்பு’ என்று பேர்.

அன்றைக்கு வீட்டுக்காரர் சாவி கொண்டுவரும்வரை லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான், நெட்டை, மேஸ்திரி, புதிதாகச் சேர்ந்த டிரைவர். தூண் அண்ணன் மட்டும் எங்களோடு இல்லை. கட்டடத்துப் படிக்கட்டில் ஏறி இறங்கி, ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர் எதுக்குப் படியோட பேசிட்டிருக்காரு? நீ மாமியார், நீ பெரியப்பாங்கிறாரு,” என்று டிரைவர் மெதுவாகக் கேட்டார். “தலையில அடி கிடி பட்டுதா?”

“தலையில இல்லைங்க, முதுகுல. உட்காருங்க, சொல்றேன்.”

“போச்சு,” என்றான் நெட்டை. “டீயைச் சீக்கிரம் குடிச்சிருங்க டிரைவரே. இவன் முடிக்கிறதுக்குள்ள பால் தயிராயிரும்.”

நான் காதில் வாங்கவில்லை.

கனமான சாமானைப் படியில் இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மேல்பிடி, ஒருவன் கீழ்ப்பிடி. கீழ்ப்பிடிக்காரன் பின்பக்கமாக இறங்குவான். பாரத்தில் முக்கால்வாசி அவன் கையில். அவன் கண்ணுக்குத் தெரிவது மூக்குக்கு முன்னால் இருக்கிற மரப்பலகை மட்டும். மேல்பிடிக்காரன் ஓரமாக எட்டிப் பார்த்து, “படி, படி, திருப்பம்” என்று குரல் கொடுக்கணும். அந்தக் குரல்தான் கீழே இருப்பவனுக்குக் கண்.

தூண் அண்ணன் பிறந்ததிலிருந்தே கீழ்ப்பிடி. தொட்டிலிலிருந்து இறங்கும்போதே தொட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பார். மாவு மெஷினையும் அரிசி மூட்டையையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு, நடுவில் தும்மலும் போடுவார். சாமான் ஆடாது. அவருக்கு மேல்பிடி அவர் பெண்டாட்டியின் தம்பி. அவரை நாங்கள் எல்லோருமே மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

மச்சானுக்கு ‘படி, படி’ என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டது. அதனால் படிக்கெல்லாம் சொந்தக்காரர்கள் பேரை வைக்க ஆரம்பித்தார். வழுக்குகிற படி வந்தால், “எங்கம்மா வர்றாங்க மாமா, பாக்க பளபளன்னு இருப்பாங்க, கால வெச்சா கவுத்துருவாங்க.” விளிம்பு உடைந்த படி வந்தால், “உங்க பெரியப்பா, முன்பல்லு போனவரு, பக்குவமா மிதிங்க.” திருப்பம் வந்தால், “உங்க கொழுந்தியா, வெடுக்குன்னு மூஞ்சத் திருப்புவா.” கடைசிப் படிக்கு மட்டும் எந்த வீட்டிலும் ஒரே பேர்: “இது நான்தான் மாமா. தரை வந்தாச்சு.”

அண்ணன் சிரித்துக்கொண்டே இறங்குவார். சிரிக்கிறவன் தோள் தளர்வாக இருக்கும், மூச்சு ஒழுங்காக வரும், சாமான் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இறங்கும். அதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ரெண்டு பைத்தியங்கள் பேசிக்கொண்டு போகுது என்றுதான் நினைத்தோம்.

மச்சான் ஒரு காய்ச்சலில் போய்விட்டார். வந்த காய்ச்சல் விடவே இல்லை.

காரியமெல்லாம் முடிகிறவரை தூண் அண்ணன் ஓடி ஓடி வேலை பார்த்தார். நாற்காலி போட்டார், வந்தவர்களை உட்காரவைத்தார், மற்றவர்கள் கண்ணைத் துடைத்துவிட்டார். அவர் கண் மட்டும் காய்ந்து கிடந்தது. மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார்.

அங்கேதான் நாங்கள் ஒரு பெரிய தப்புச் செய்தோம். மேஸ்திரி எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, “இனிமே படியில யாரும் வாயத் திறக்கக் கூடாது. குரல் கேட்டா அவருக்கு அவன் ஞாபகம் வந்துரும், பாவம்” என்றார். எல்லோரும் சரி என்றோம். அன்றிலிருந்து மேல்பிடி யாராக இருந்தாலும் ஊமைப்படம்தான்.

“யோவ், கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆயிருக்குமே,” என்றார் டிரைவர்.

“அதேதான்.”

அண்ணன் ஒவ்வொரு படிக்கும் காலைத் துழாவிக்கொண்டு, முதுகை விறைத்துக்கொண்டு இறங்கினார். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நாளில் வேலை முடிந்த பிறகும் முதுகு இறுகியே இருந்தது. தூக்கம் போனது. சாப்பாட்டைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிட்டுக் கை கழுவினார். கடைசியில் ஒருநாள், குனிந்து ஒரு தலையணையை எடுத்தவர் நிமிரவே இல்லை. கேள்விக்குறி மாதிரி அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்கினோம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு அத்தனையும் புதுசு மாதிரி இருந்தது. மேஸ்திரி கையைப் பிசைந்துகொண்டு, “பேசாம குடோன் கேட்ல நாற்காலி போட்டு உட்காரட்டும். பாரம் வேண்டாம்” என்றார்.

அண்ணன் முகம் செத்துப்போனது. “கேட்ல உட்கார வெச்சீங்கன்னா என்னையும் பழைய சாமானோட சேத்து வித்துருங்க. கீழ்ப்பிடி இல்லாட்டி நான் யாரு மேஸ்திரி?”

அடுத்த வாரம்வரைதான் மேஸ்திரி தவணை கொடுத்தார். அதற்குள் முதுகு சரியாகணும்.

அண்ணிதான் வேறொரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார். தாங்கிப் பிடிக்க நானும் போயிருந்தேன். அந்தம்மா முதுகை அழுத்திப் பார்த்தார், காலைத் தூக்கச் சொன்னார். பிறகு முதுகை விட்டுவிட்டு, தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்தார்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. “எனக்கு முதுகுலதான் வலி டாக்டர். கிறுக்கு ஒண்ணும் இல்ல.”

“கிறுக்குன்னு நான் சொன்னேனா? இவங்ககிட்ட முதல் தடவை பேசினப்ப உள்ளங்கை வேர்த்துதா?”

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். “வேர்த்துது.”

“அது கையில இருந்த வியாதியா?”

அண்ணி சிரித்துவிட்டார். அப்புறம் அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட்டது. “என் தம்பி பேரை எடுத்தாலே எழுந்து போய்க் குழாயைக் கழட்ட ஆரம்பிச்சுடுறாரு டாக்டர். வீட்டுல குழாயெல்லாம் புதுசாயிடுச்சு. மனுஷன்தான் துருப்பிடிச்சுட்டாரு.”

“வலி நிஜம்,” என்றார் டாக்டரம்மா. “எலும்புல கோளாறு இல்லைங்கிறதால பொய்யாயிடாது. அடி விழப்போகுதுன்னு காத்திருக்கிற மாதிரி ராப்பகலா உடம்பை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. பயிற்சி தர்றேன், செய்யுங்க. மனசு விட்டுப் பேசறதுக்கு ஒரு ஆளையும் சொல்றேன், போங்க. ரெண்டுல ஒண்ணு மட்டும் செஞ்சா பாதிதான் நிமிருவீங்க.”

படியிறங்கும்போது அண்ணன் பாதியில் நின்றார். “ஏன்டா டேப்பு, நீங்க யாரும் ஏன்டா இப்ப குரல் குடுக்கிறதில்ல?”

மேஸ்திரி சொன்னதைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “ஞாபகம் வந்துரும்னா? அவன் எப்படா போனான் ஞாபகத்தை விட்டு?”

தவணை முடிகிற நாள் ஒரு பழைய வீட்டில் வேலை. லிப்ட் கிடையாது. மாடி நாலு. சரி, ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தேக்கு அலமாரி. அதைச் செய்தவன் முதலில் அலமாரியை வைத்துவிட்டு அப்புறம்தான் சுற்றி வீட்டைக் கட்டியிருக்கணும். அண்ணன் அந்த வாரம் முழுக்கப் பயிற்சி செய்திருந்தார், பேசுகிற ஆளையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். கொஞ்சம் நிமிர்ந்திருந்தார். மேஸ்திரி தடுக்கத் தடுக்கத் தோளில் பாரம் தாங்குகிற பட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய் நின்றார்.

மேல்பிடி நான்.

“படியைச் சொல்லு,” என்றார்.

“படி. படி.”

“அது எனக்குத் தெரியும்டா. அவன் சொல்ற மாதிரி சொல்லு.”

எட்டிப் பார்த்தேன். வழுக்குகிற படி. “உங்க... உங்க மாமியார் வர்றாங்கண்ணே. பளபளன்னு இருக்காங்க.”

கீழேயிருந்து ஒரு மூச்சு வந்தது. மாதக்கணக்கில் உள்ளே கிடந்த மூச்சு. “ம். அடுத்தது யாரு?”

“பெரியப்பா. பல்லு இல்ல.”

“அடுத்தது?”

கொழுந்தியா திரும்பினாள், சித்தப்பா ஆடினார், ஓர்ப்படி குறுக்கே நின்றாள். அவருக்கு இல்லாத சொந்தத்தையெல்லாம் நான் உண்டாக்கிக் கொடுத்தேன். அலமாரி இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசிப் படி வந்தது. என் வாய் நின்றுவிட்டது.

“இது யாருடா?”

அலமாரி விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“பாரத்தோட நிக்கிறேன்டா. சொல்லு.”

“மச்சான்,” என்றேன். “தரை வந்தாச்சு.”

அலமாரி அப்படியே நின்றது. எனக்கு அவர் முகம் தெரியவில்லை. பலகையில் நெற்றியை முட்டி அழுகிற சத்தம் மட்டும், அலமாரிக்குள்ளே யாரோ அழுவது மாதிரி வந்தது. தேக்கே நடுங்கியது. ஆனால் ஒரு விரல்கடை சாயவில்லை. அழுது முடித்துவிட்டு, இறக்கிவைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி மேஸ்திரியைப் பார்த்தார். “நாற்காலியை நீங்களே வெச்சுக்கோங்க.”

அன்றோடு வலி ஓடிப்போனது என்று சொன்னால் என்னைவிடப் பெரிய புளுகன் கிடையாது. இப்போதும் சில நாள் முதுகு பிடித்துக்கொள்ளும். லாரித் தரையில் மல்லாந்து பயிற்சி செய்வார். சாயங்காலம் அண்ணியோடு நடக்கப் போவார், இருவரும் தம்பியைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். தூக்கம் வந்துவிட்டது, குறட்டையில் பக்கத்துத் தெருக் கதவு ஆடுகிறது. வேறு செட்டு ஆட்கள் நெஞ்சு படபடக்குது, ராத்திரி முழிச்சே கிடக்கிறேன் என்று வந்தால், வெட்கப்படாமல் தன் கதையைச் சொல்லி டாக்டரிடம் அனுப்புகிறார். எவ்வளவு பாரம் தூக்கினார் என்பதைவிட இதுதான் எனக்குப் பெருமை. ஆமாம், பாரமும் கொஞ்சநஞ்சமில்லை.

“அதான் படியோட பேசறாரா,” என்று டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

“கதையெல்லாம் சரி,” என்றான் நெட்டை. “அன்னைக்கு மேல்பிடி நான்.”

“நீயா? நீ அன்னைக்குச் சட்டி பானை கட்டிட்டிருந்தே.”

“கட்டி முடிச்சிட்டு வந்து பிடிச்சது யாரு? உங்கப்பனா? மச்சான்னு சொன்னது இந்த வாய்டா. நீ பின்னாடி நின்னு மூக்கச் சிந்திட்டிருந்தே.”

“டேய், ரெண்டு பேரும் கொஞ்சம் மூடறீங்களா,” என்று மேஸ்திரி டம்ளரை வைத்தார். “ஊமையா இருங்கடான்னு சொன்னவன் நான். தப்பைத் திருத்தினதும் நான்தான். அன்னைக்கு மேல பிடிச்சது நான்.”

“அடக் கடவுளே, உங்க இடுப்புக்கு அலமாரியா?” என்றான் நெட்டை. “ சீப்பு எடுத்தாலே ஆள் கூப்பிடுவீங்க.”

“யாருடா இடுப்பைச் சொல்றது?”

படிக்கட்டிலிருந்து தூண் அண்ணன் குரல் வந்தது. “சாவி வந்தாச்சு. பீரோவை முதல்ல எடுத்துருவோம். மேல்பிடி யாருடா?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். டம்ளர் உருண்டது. நெட்டை என் சட்டையைப் பிடித்தான், நான் மேஸ்திரியின் துண்டைப் பிடித்தேன்.

“நான் பிடிக்கட்டுமா?” என்றார் டிரைவர். “எங்க வீட்டுல சொந்தக்காரங்க ஏகப்பட்ட பேரு.”

“யோவ், உன் சொந்தக்காரன் எதுக்குய்யா? அவர் வீட்டு ஆளுங்கதான்யா படி. நீ வண்டியப் பாரு,” என்றார் மேஸ்திரி.

“என்னை யாருய்யா வண்டியப் பாருங்கிறது? கைய எடு முதல்ல,” என்று டிரைவரும் உள்ளே புகுந்தார்.

“நீ எடு.”

“சட்டை கிழியுதுடா எருமை.”