கைகாட்டி அக்கா

இடது கையில் கரண்டி, வலது கை இடுப்பில். "கையக் காட்டு" என்கிறாள். நீட்டிய கையைக் குனிந்து முகர்ந்து பார்க்கிறாள். சோப்பு வாசம் இல்லாவிட்டால் தட்டில் சோறு விழாது. கல்லூரி வாத்தியாரானாலும் சரி, தாலி கட்டிய மஞ்சள் ஈரம் காயாத மாப்பிள்ளையானாலும் சரி, பேருந்தின் பின்ஏணியில் பழைய காலுறைக்குள் தொங்கும் சோப்பைத் தேடிப் போயாக வேண்டும்.

சுற்றுலாப் பேருந்தின் சமையல்காரி அவள். ஓட்டுபவர் அவள் புருஷன். சாலையோரம் வழி சொல்லி நிற்கும் பலகையின் பெயரையே பயணிகள் அவளுக்கு வைத்துவிட்டார்கள். அதில் அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் தளதளவென்று கொதித்த பிறகே குடத்துக்குப் போகும். "மேல எந்த மாடு குளிக்குதோ, யாரு கண்டா?" என்பாள். நறுக்கி வைத்த பழத்தை யாராவது வழியில் வாங்கினால் முறைப்பாள். முழுப் பழமாக வாங்கித் தானே உரித்துக் கொடுப்பாள். ஈ அவளுக்குப் பரம்பரைப் பகையாளி.

எல்லாம் பட்டுத் தெரிந்ததுதான். சமையலுக்கு வருமுன் குடும்பத்தோடு ஒரு பயணம் போனாள். வழியில் குடித்த தண்ணீர் சின்ன மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தியும் பேதியுமாகக் குழந்தை கீரைத்தண்டாய்த் துவண்டது. கண்கள் குழிக்குள் போய்விட்டன. மகள் பிழைத்து, இன்று வேலைக்கும் போகிறாள். ஆனாலும் முன்பின் தெரியாத ஊர் ஆஸ்பத்திரியில், அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்த நரம்பு தேடியதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிவிடும்.

போன பயணத்தில் அவள் வயிறே அவளைக் கவிழ்த்தது. விடிவதற்குள் பலமுறை ஒதுங்கிவிட்டு வந்தாள். வண்டி நிறையப் பசி காத்திருந்தது. அவளோ உப்பும் சர்க்கரையும் கலந்த கொதித்தாறிய நீரோடு தள்ளிப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டாள்.

புருஷன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கைய நல்லாக் கழுவிட்டு வந்து ஆக்கிடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேங்க. இன்னிக்கு நான் கரண்டியத் தொட்டா, நாளைக்கு வண்டிச் சனமே புதருக்குள்ளதான் இருக்கும்."

ஸ்டியரிங் பிடித்த கை அன்று அடுப்பைப் பிடித்தது. அவள் பாறையிலிருந்தே சொல்லச் சொல்ல அவர் கிண்டினார். பருப்பு வேகவில்லை, சோறு குழைந்து கூழாகிவிட்டது. இதை வைத்துச் சுவரொட்டி ஒட்டலாம் என்று ஒருவர் முனகினார். ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்றது இன்னொரு குரல். அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, தன் வயிற்றின் நிலைமையை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குமேல் வாய்கள் சாப்பிடுவதற்கு மட்டுமே திறந்தன.

கூட்டம் கலைந்த நேரத்தில், நடை பழகும் குழந்தையொன்று தாயின் பிடியை உதறிவிட்டு, கைகளை விரித்தபடி பாறையை நோக்கித் தத்தித் தத்தி வந்தது. அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள். முகத்தை மட்டும் முன்னே நீட்டிச் சிரித்தாள்.