தளபதி வாள் உருவும் நேரம்

எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் தட்சிணாமூர்த்தி, பிரெஞ்சுக்காரன் காலத்தில் போலீஸ் சிப்பாயாக இருந்தவர். அந்த விறைப்பு இன்னும் முதுகில் இருக்கிறது. பெஞ்சு டிக்கெட்டை அவர் வாங்கிக் கிழிப்பதைப் பார்த்தால், அடுத்து நம்மை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார் என்று தோன்றும். அவரை ஏமாற்றி உள்ளே நுழைய நான் படாத பாடு பட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிய பிறகு எனக்கு வேறு வேலையும் இல்லை.

ஐம்பத்தெட்டில் ஒரு ராஜா படம் வந்தது. தளபதியின் தம்பி எதிரிகளோடு சேர்ந்துவிடுகிறான். ராஜா ஆணையிட, தளபதி வாளை உருவித் தம்பியை வெட்டுகிறான். அந்தக் கட்டத்தில் கொட்டகையே விசிலடிக்கும். தட்சிணாமூர்த்தி மட்டும் வாசலை விட்டுவிட்டுப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விடுவார். நான் உள்ளே புகுந்துவிடுவேன். ஒரு வாரம் கடைசிப் பாதியை மட்டும் பார்த்த பிறகுதான், இந்த மனுஷனுக்குத் தினமும் அதே நேரத்தில் அப்படி என்ன தாகம் என்று யோசித்தேன்.

சோடா விற்கும் கொளஞ்சியைக் கேட்டேன்.

"தாகமாவது மண்ணாவது! அவரு தம்பி வடிவேலு, மில்லுல இருக்கான்ல, அவன் ஐம்பத்திநாலுல பிரெஞ்சுக்காரனே வெளிய போன்னு இந்தியக் கொடி தூக்கினு ஊர்வலம் போனான். அதிகாரி அடின்னான். இவரு அடிச்சாரு, தம்பின்னு தெரிஞ்சே. அவன் கை ஒடைஞ்சி போச்சி. பிரெஞ்சுக்காரன் போயி கொடி மாறுனப்புறம் புது சர்க்காரு போலீசுலயும் இருன்னாங்க. தடிய வச்சிட்டு வந்துட்டாரு. நாலு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சில்ல."

மறுநாள் நான் முதன்முதலாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். மில் வாசலில் காத்திருந்து வடிவேலிடம் நீட்டினேன்.

"ஒங்க அண்ணன் குடுக்கச் சொன்னாரு."

"யாரு, அவரா?"

"நம்பலன்னா போயி அவரையே கேளுங்க."

சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் ஓடி வந்துவிட்டேன்.

அன்று மாலை வடிவேல் கேட்கத்தான் கொட்டகைக்கு வந்தார். துவைத்த சட்டை, மடங்கியே கிடக்கும் இடது கை. வலது கையால் டிக்கெட்டை நீட்டினார். தட்சிணாமூர்த்தியின் கை அதை வாங்க எழவில்லை.

"நீ குடுத்தனுப்பினேன்னு பையன் சொன்னான். நெசமாண்ணே?"

தூணுக்குப் பின்னால் நின்ற என்னைத் தட்சிணாமூர்த்தி பார்த்துவிட்டார். இல்லை என்று அவர் சொன்னால் வடிவேல் அப்படியே திரும்பிவிடுவார், இனி எந்த டிக்கெட்டுக்கும் வரமாட்டார். என் முதுகு என்ன ஆகும் என்பது தனிக் கதை.

"ஆமா," என்றார். "நான்தான் குடுத்தேன்."

அந்த டிக்கெட்டை அவர் கிழிக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வடிவேல் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். தளபதி வாளை உருவினான், விசில் பறந்தது. தட்சிணாமூர்த்தி அன்று தொட்டிக்குப் போகவில்லை. உள்ளே போய்த் தம்பி பக்கத்தில் நின்றார்.

"இதுக்கு மேல பாக்காதடா. எழுந்து வா."

"பரவால்ல, ஒக்காருண்ணே. முடிவு என்னான்னு சேந்தே பாத்துருவோம்."

வாசலில் ஆளில்லை. ஓசியில் நுழைய வந்த ரெண்டு பயல்களை, "டிக்கெட் எங்கடா?" என்று நான்தான் விரட்டினேன்.